இறக்கத்தில் நியூட்ரல்

ஜார்ஜியாவில் கார் வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். என் மனைவி வேண்டாம் என்றாள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அவள் எதற்கும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள். அதற்காகத்தான் நாங்கள் இரண்டு பேரும் சூளகிரியிலிருந்து அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

நான் பயந்த ஆள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். கணக்கு வாத்தியார் எழுந்திருக்கச் சொல்வாரோ என்று கடைசி பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருப்பேன். ஆனால் வண்டி வேலைக்கு அந்தப் பயம் ஒத்துவந்தது. டயரை ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டிப் பார்க்கிறவனை முதலாளிகளுக்குப் பிடிக்கும். குட்டி யானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டியில் சூளகிரி மார்க்கெட்டிலிருந்து கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் பல வருஷம் ஓட்டினேன். பிறகு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேன். அதை இன்றும் ஓட்டுகிறேன்.

மகள் படிப்பில் கெட்டி. என் பயம் அவளுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே மருத்துவ சீட் கிடைக்கவில்லை. ரோட்டோரம் இருந்த எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன சமயம் அது. கையில் வந்ததைக் கொண்டு அவளை ஜார்ஜியாவுக்கு அனுப்பினோம். அவள் விமானம் ஏறிய வாரமே தெருவில் எங்கள் வீட்டுக்கு டாக்டர் வீடு என்று பெயர் வந்துவிட்டது. காய்ச்சல் என்றால்கூடச் சிலர் என் மனைவியிடம் வந்து என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டுப் போனார்கள். அவளும் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாம் வருஷம் நடந்துகொண்டிருந்தபோது மகளோடு அறையில் தங்கியிருந்த பெண் எங்களுக்குப் போன் செய்தாள். அவளும் தமிழ்ப் பெண், தென்காசிப் பக்கம். ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உங்கள் பெண் வகுப்புக்கு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ஜன்னல் திரையை விலக்க விடுவதில்லை, நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முந்தின நாள்தான் மகள் வீடியோவில் சிரித்துக்கொண்டே நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் பின்னால் தெரிந்த சுவர் எந்த நேரம் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டயரைத் தட்டிப் பார்க்கிறவன் அதைப் பார்க்காமல் விட்டேன்.

சொந்தக்காரர்களிடம் சுற்றிப்பார்க்கப் போவதாகச் சொன்னோம். வேறு எதைச் சொல்வது? என் மனைவியின் தம்பி ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தான்.

"மாமா பாரின் டூர் போறாரு பா. அங்க போயும் கொத்தமல்லி லோடுதான் அடிப்பாரு பாருங்க."

நானும் சிரித்து வைத்தேன். கிளம்பும் முன் ஓசூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டை வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன். மற்றவர்கள் போகிற இடத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிற மாதிரி எனக்கு அது.

அவள் படித்த திபிலிசி நகரத்தில் அவள் அறை சுத்தமாக இருந்தது. நாங்கள் வருகிறோம் என்று துடைத்து வைத்திருந்தாள். திரையும் விலக்கியிருந்தது. சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம் கூடப் பொரித்திருந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைப் படிய வாரி, இறுக்கிப் பின்னியிருந்தாள். என் மனைவி முதல் நாள் முழுக்க அந்தப் பின்னலைத் தடவிக்கொண்டே இருந்தாள். காலேஜ் எப்படிப் போகிறது என்றால் போகிறது என்பாள். தூக்கம் வருகிறதா என்றால் வருகிறது என்பாள். நான்கு சுவருக்குள் மூன்று பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, தேநீர் குடித்தோம்.

வேன் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று ஒருத்தி. லைனில் நிற்கையில் கால் மரத்துப்போகிறது, சூப்பர்வைசரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்று ஒருத்தி. நான் பதிலே சொல்ல வேண்டியதில்லை. உம் கொட்டினால் போதும். இறங்கும்போது வரேங்கண்ணா என்று முகம் தெளிந்து போவார்கள். மகளையும் ஒரு காரில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நீள ரோட்டில் கூட்டிப்போனால் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். சொன்னதும், ஊருக்கு வா என்று கூப்பிடலாம். அவளை எப்படியாவது கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் பயணத்தின் காரியம்.

வடக்கே ரஷ்ய எல்லையை ஒட்டி ஒரு மலை இருக்கிறது, எல்லாரும் பார்க்கப் போவார்கள் என்று அறைத்தோழிதான் சொன்னாள். வாடகைக் கார்க்காரர் ஆட்டோமேட்டிக் வண்டியைக் காட்டினார். கியர் வண்டிதான் வேண்டும் என்றேன். அதுதானே எனக்குத் தெரியும். மகள் அந்த ஊர் பாஷையில் அவரிடம் பேசியதைக் கேட்டபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு என்ன குறை வரும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் தோன்றியது.

அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். வண்டி வலது ஓரமாகப் போக வேண்டும். கியரை வலது கையால் போட வேண்டும். முதல் திருப்பத்தில் என் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது. வலப்புறம் போக இண்டிகேட்டர் என்று நினைத்து நான் தட்டியது வைப்பரை. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று அடித்துக்கொண்டது.

"அப்பா, மழை வருதா?" என்றாள் மகள்.

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. நாங்கள் வந்ததிலிருந்து அதுதான் முதல். அதற்குப் பிறகு இரண்டு திருப்பங்களில் நான் வேண்டுமென்றே வைப்பரைப் போட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நகரம் முடிந்து ஆற்றோரமாக ரோடு மலைக்குள் ஏறியது. பின் சீட்டில் என் மனைவி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி தெலுங்கில் சாமி பெயர்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பயம் வந்தால் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பாஷைதான் வரும். அங்கே சர்ச்சைக் கடக்கும்போது எதிரே வரும் டிரைவர்கள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நம் ஆட்கள் கோயிலைத் தாண்டும்போது நெஞ்சைத் தொட்டுக்கொள்வது போலவே இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ரோட்டின் நடுவே மாடுகள் படுத்திருந்தன. அதுவும் பழக்கமானதுதான்.

மேலே போகப் போக ஓரத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லையில் விடும்வரை அப்படித்தான் நிற்கும் என்றாள் மகள். கிலோமீட்டர் கணக்கில் நின்றன. டிரைவர்கள் கீழே இறங்கி அடுப்பு வைத்து ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார்கள். முன்பு எப்போதாவது பெங்களூர் லோடு போனால் கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்டில் இப்படித்தான், கொத்தமல்லி வாடிப்போகிறதே என்று நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன் என்றேன். அவள் உம் என்றாள். இவர்கள் நாள்கணக்கில் நிற்கிறார்களே, எப்படித்தான் பொறுக்கிறார்களோ என்றேன். ரோட்டைப் பார்த்தபடியே அவள் பேசினாள்.

"போறதுக்கு ஒரு எடம் இருக்குதில்லப்பா அவங்களுக்கு."

நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். வேனில் செய்வது போல உம் கொட்டியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அந்நியப் பிள்ளை பேசினால் கேட்க முடிகிறது, பெற்ற பிள்ளை பேசினால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உனக்கு என்னம்மா குறை, பாடம் கஷ்டமா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அடுக்கினேன். இல்லை என்றாள். பாடம் புரிகிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருநாள் காலையில் எழுந்தபோது எதற்கு எழுந்தோம் என்று இருந்தது, அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படியே இருக்கிறது என்றாள். நேற்றுச் சந்தையில் வெங்காயம் இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"ஊருக்கு வந்துரு பாப்பா," என்றேன்.

"வந்து?"

பின்னாலிருந்து என் மனைவி, வந்து நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். மகள் தலையாட்டினாள்.

உச்சியில் வெயில்காலத்திலும் பனி கிடந்தது. அழுக்குப் பஞ்சு மாதிரி. என் மனைவி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு உதறினாள். மகளைப் பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினோம். சூப்பர், டாக்டரம்மா என்று பதில்கள் வந்தன. அதில் அவள் நன்றாகத்தான் தெரிகிறாள். எல்லையை ஒட்டிய ஊர் வரைக்கும் போகவேண்டாம், மேகம் இறங்குகிறது என்று எனக்குப் பயம். அங்கேயே திருப்பினேன்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி போகும் வழியில் மேலுமலை இறக்கம் வரும். சேலம் பக்கம் போனால் தொப்பூர் இறக்கம். லோடு வண்டிக்காரர்கள் இறக்கத்தின் தலைக்கு வந்ததும் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். அப்படிச் செய்யக்கூடாது என்று போலீஸ் போர்டு வைத்திருக்கிறது. எத்தனை வண்டிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்திருக்கின்றன, எத்தனை பேரைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று பார்த்தும் இருக்கிறோம். ஆனாலும் செய்வோம். முதலாளி டீசலைப் பார்ப்பார், நாங்கள் முதலாளியின் முகத்தைப் பார்ப்போம். வருஷக்கணக்கில் செய்து செய்து அது கைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயந்ததில்லை.

அந்த மலையின் தெற்குச் சரிவில் ரோடு கொண்டை ஊசியாக மடிந்து மடிந்து இறங்குகிறது. தலையில் வந்ததும் என் வலது கை தானாகப் போய்க் கியரை நியூட்ரலில் தட்டியது. காலையிலிருந்து எதையும் சரியாகச் செய்யாத கை, இதை மட்டும் தடுமாறாமல் செய்தது. மனம் வேறெங்கோ இருந்தது. வந்து என்று கேட்டாளே, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். கோழி வளர்க்கலாம் என்று சொல்லலாமா, ஊரிலேயே வேறு படிப்பு படி என்று சொல்லலாமா, ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு என்று சொல்லலாமா.

பிரேக் லைனிங் கருகும் வாசம் வந்தபோதுதான் விழித்தேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். திருப்பம் வந்துகொண்டிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. கிளட்சை மிதித்து மூன்றாவதைப் போடப் பார்த்தேன். என் இடது கை மறுபடியும் கதவில் போய் இடித்தது. வலது கையால் தள்ளினால் கியர் விழாமல் கரகரவென்று கத்தியது. ஹார்னை அடித்தபடியே அந்தத் திருப்பத்தை எதிர்ப்பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டு திருப்பினேன். எதிரே வண்டி வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்த நேரத்தில்தான் நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். வேன்காரன் பழக்கம் அது. பிரேக் போட்டால் ஆட்கள் எதையாவது பிடித்துக்கொண்டார்களா என்று பார்ப்போம். எல்லாரும் பிடிப்பார்கள். தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே பிடிப்பார்கள். தாய் மடியில் கிடக்கிற குழந்தை புடவையைப் பிடிக்கும். பின்னால் என் மனைவி இரண்டு கையாலும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மகள் எதையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, உள்ளங்கை மேலே பார்த்தபடி. முகத்தில் பயம் இல்லை. தைரியமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தன் ஊர் பஸ் திரும்பி உள்ளே வருவதைப் பார்க்கிறவர்கள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இரண்டாவது கியர் விழுந்தது. இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலையை ஒட்டிய ஜல்லி மேட்டில் வண்டியை ஏற்றினேன். நின்றது. நாலு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது. அங்கே தேன் பாட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சூட்டில் ஊற்றினால் டிஸ்க் வெடித்துவிடும், ஊற்றாதீர்கள் என்று நான் தமிழில் கத்தினேன். அவர் புரிந்துகொண்டார். குடத்தை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் அதில் முகத்தைக் கழுவிக்கொண்டு அழுதாள், என்னைத் திட்டினாள், எல்லையில் நிற்கிற லாரிக்காரன்கூட உன்னைவிட நன்றாக ஓட்டுவான் என்றாள்.

மகள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். சக்கரங்களிலிருந்து வரும் புகையைப் பார்த்தாள்.

"பரவால்லப்பா," என்றாள்.

தேநீரைக் கொட்டிவிட்டவனுக்குச் சொல்வது போல. என் கையைப் பிடித்துக்கொள்ளவும் செய்தாள். அது எனக்காகப் பிடித்தது. என் வாழ்நாள் முழுக்க நான் பயந்த எல்லாவற்றையும் அப்போது நினைத்துப் பார்த்தேன். பூட்டு, டயர், கணக்கு வாத்தியார். அந்த வரிசையில் இது இல்லை. சாப்பாடும் தூக்கமும் சரிசெய்கிற விஷயம் இது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவியிடம் சொல்லவும் வரவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சக்கரம் ஆறும்வரை மூன்று பேரும் அந்த ஜல்லியில் உட்கார்ந்திருந்தோம். மேகம் எங்களைத் தாண்டிக் கீழே இறங்கியது.

மிச்ச மலையை முதல் கியரில் இறங்கினேன். திபிலிசி வந்ததும் நான் அவளை எதுவும் கேட்கவில்லை. நீயும் எங்களோடு வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். மறுப்பாள், சண்டை போடுவாள் என்று பயந்திருந்தேன். சரி என்று உடனே பெட்டியை எடுத்து வைத்தாள். தடித்த மருத்துவப் புத்தகங்களை அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டாள். அந்தச் சரி எனக்கு மறுப்பைவிட மோசமாக இருந்தது. வந்த காரியம் முடிந்தது என்று என் மனைவி விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது மகள் எங்களோடு சூளகிரியில் இருக்கிறாள். லீவுக்கு வந்திருப்பதாகத் தெருவில் சொல்லியிருக்கிறோம். எப்போது டாக்டரம்மா ஊசி போடுவாங்க என்று பக்கத்து வீட்டார் கேட்டால் சிரிக்கிறாள். பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம். நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாத்திரை தருகிறார், தனியாக விடாதீர்கள் என்கிறார், நாளாகும் என்கிறார். எவ்வளவு நாள் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறாள். சொன்னதையெல்லாம் செய்கிறாள். நான் இப்போது வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. அவள் அறைக் கதவைத்தான் பார்க்கிறேன், தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

எனக்கு ஷிப்ட் இல்லாத சாயங்காலங்களில் மச்சானின் காரை வாங்கிக்கொண்டு அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மேலுமலை வரைக்கும் போய்வருகிறேன். என் மனைவி பின்னால். சும்மா காற்று வாங்க என்று சொல்லிக்கொள்கிறோம். இறக்கத்தின் தலையில் இரண்டாவது கியரைப் போட்டு அதிலேயே இறங்குகிறேன். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். போன வாரம் ஒரு லோடு வண்டிக்காரன் ஜன்னலை ஒட்டி வந்து, வண்டி ஓட்டத் தெரியலைன்னா வீட்ல உக்காருய்யா என்று கத்திவிட்டு நியூட்ரலில் உருண்டு போனான். சத்தமே இல்லாமல் உருண்டது.

அன்று அடிவாரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். நல்ல பிரேக், உடனே பிடித்தது. என் மனைவி கைப்பிடியைப் பிடித்தாள். நான் பக்கத்தில் பார்த்தேன். சீட் பெல்ட் இழுத்ததில் மகள் உடம்பு முன்னால் போய்த் திரும்பி வந்தது. கைகள் மடியில்தான் இருந்தன. நாய் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். முதல் கியரைப் போட்டேன்.